மூன்று ஹாரன்

அன்றைக்குக் கேட்டைத் திறந்த கை முதலில் பையை வாங்கவில்லை.

செல்வகுமாருக்கு அதுதான் ஒரு மாதிரி உறுத்தியது. ரெட்டியார்பாளையத்தில் அந்தச் சந்துக்குள் வேனைக் கொண்டுபோய் நிறுத்தி மூன்று முறை ஹாரன் அடித்தால், ஐந்து மாதமாக நடப்பது ஒரே வரிசைதான். இரும்பு கேட் பாதி திறக்கும். அதன் பின்னாலிருந்து ஒரு கை நீளும். முதலில் புத்தகப் பையை வாங்கி உள்ளே வைக்கும், அடுத்தது தண்ணீர் பாட்டில், கடைசியில்தான் பிள்ளை. யூகேஜி படிக்கும் அரீபா படியில் ஏறித் திரும்பி, "பை அங்கிள்" என்பாள். அதற்குள் அவன் முதல் கியரைப் போட்டிருப்பான்.

இன்றைக்கு வந்த கை நேராக அரீபாவின் மணிக்கட்டைப் பிடித்தது. இழுத்த வேகத்தில் பிள்ளையின் கால் படியில் இடறியது. இடது பக்கக் கண்ணாடியில் மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததால் அவனுக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் முழங்கை வரைக்கும் அடுக்கியிருந்த சிவப்புக் கண்ணாடி வளையல்கள் தெரிந்தன, அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டுவதும் தெரிந்தது. அரீபா "பை" சொல்லவில்லை. கேட் சாத்திக்கொண்டது. சாத்தும்போது பல் கூசுகிற மாதிரி கிரீச்சிடுகிற கேட் அது, இன்றைக்குச் சத்தமே இல்லை. மழையில் கேட்காமல் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

இப்படி நினைத்துக்கொள்வதில் செல்வகுமார் பலே கெட்டிக்காரன். இறங்கிப் பார்ப்பதில்தான் சோம்பல். பதினாறு பிள்ளைகள், வைத்திக்குப்பத்தில் தொடங்கி கருவடிக்குப்பம் சுற்றி, ரெட்டியார்பாளையம் வந்து, மூலக்குளத்தில் முடிகிற ரூட்டு. அத்தனை பேரையும் சீட்டை விட்டு எழுந்திருக்காமலே இறக்கிவிடுகிற வித்தையை அவன் கற்று வைத்திருந்தான். மூன்று ஹாரன். கேட் திறக்கும், கை வரும், பிள்ளை போகும். அம்மாமார்களும் நைட்டியோடு நிற்பார்கள், சிலர் முக்காடு இல்லாமல் நிற்பார்கள், தெருவுக்கு முகம் காட்டாமல் கேட்டுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டு கையை மட்டும் நீட்டுவார்கள். கைகளை வைத்தே வீடுகளை அவன் அடையாளம் வைத்திருந்தான். மஞ்சள் கறை படிந்த கை, மருதாணிக் கை, மீன் செதில் ஒட்டிய கை. அரீபாவின் அம்மா ஜரினாவின் கை மெலிந்தது. ஒற்றைத் தங்க வளையல், கட்டைவிரலில் தையல் மிஷின் ஊசி ஏறிய தழும்பு. முகத்தைக் கேட்டால்தான் அவன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கும்.

போன ஜூன் வரைக்கும் வேனில் கன்னியம்மாள் இருந்தாள். பிள்ளைகளை இறக்கி வீட்டில் ஒப்படைப்பதுதான் அவள் வேலை. ஒவ்வொரு கேட்டிலும் இரண்டு வார்த்தை பேசாமல் திரும்ப மாட்டாள், அதனால் ஒவ்வொரு நாளும் அரை மணி தாமதம். "ஹாரன் அடிச்சிப் புள்ளயக் குடுக்கறது என்னா பழக்கம் செல்வம்? எறங்கிப் போ, ஆளக் கூப்புடு, மொகத்தப் பாத்து கையில ஒப்படை. அந்தச் சத்தத்துக்கு யாரு வந்து நிப்பாங்கன்னு ஒனக்குத் தெரியுமா?" என்று அவனை ஒரு நாள் நடுரோட்டிலேயே பிடித்துக்கொண்டாள். "ஆமா, மகாராஜா வந்து நிப்பாரு" என்று அவன் சிரித்தான். சண்டை முற்றி அவள் நின்றுவிட்டாள். வேறு ஆள் போடச் சொன்ன பள்ளிக்கூடத்தில், அடுத்த வாரம் போடுகிறேன் என்று அவன் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது.

சந்தை விட்டு விழுப்புரம் ரோட்டுக்கு வந்தபோது மணி ஐந்தேகால்கூட ஆகவில்லை. ஆனால் ஐப்பசி மாதத்து வானம் கன்னங்கரேலென்று தலைமேல் இறங்கியிருந்தது. வேனில் மிச்சமிருந்தது இரண்டு பேர். மூன்றாவது படிக்கும் செம்மல், ஒன்றாவது படிக்கும் அவன் தங்கை அபி.

"அங்கிள், அரீபா பை இங்கயே கெடக்குது" என்றாள் அபி.

செல்வகுமார் திரும்பிப் பார்த்தான். இளஞ்சிவப்புப் பை சீட்டில் சாய்ந்து கிடந்தது, பக்கத்தில் பாட்டில். "காலையில குடுத்துக்கலாம், வுடு."

"அவ இன்னிக்கு பெரிம்மா வூட்டுக்குத்தான் போவணும்னு சொன்னா அங்கிள். கருவடிக்குப்பத்துலயே சொன்னாளே" என்றான் செம்மல்.

சொன்னாள்தான். கருவடிக்குப்பத்தில் வேறொரு பிள்ளை இறங்கும்போது, ஜன்னலில் விரலை வைத்து, "அங்கிள், பெரிம்மா வூடு, பெரிம்மா வூடு" என்று கத்தினாள். பிள்ளைகள் எதையாவது கத்திக்கொண்டேதான் இருக்கும் என்று அவன் வண்டியை எடுத்துவிட்டான்.

அப்போது போன் அடித்தது. ஜரினா.

"அண்ணே, அரீபாவ அக்கா வூட்டுல வுட்டுட்டீங்கள்ல? அக்கா இன்னும் வேன் வரலங்குது."

"இல்லமா, ஒங்க வூட்டுலதான் வுட்டேன். இப்பத்தான், ஒரு பத்து நிமிஷம்."

"எந்த வூட்டுல?"

"ஒங்க வூட்டுலமா. ரெட்டியார்பாளையத்துல."

அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இரைச்சல். யாரோ யாரையோ டோக்கன் நம்பர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"அண்ணே, மதியமே வாய்ஸ் அனுப்பினேனே. அவ அத்தாவ டெங்குன்னு ஆஸ்பத்திரில சேத்திருக்கு. காலையிலேர்ந்து வூடு பூட்டிக் கெடக்குது. கேட்டுக்குச் சங்கிலி போட்டு நான்தான் பூட்டினேன், சாவி எங்கிட்ட இருக்குது." அவள் குரல் மெலிந்துகொண்டே வந்தது. "கேட்ட யாரு தொறந்தாங்க?"

செல்வகுமார் பிரேக்கை அழுத்தினான்.

"யாருண்ணே தொறந்தாங்க? யாருகிட்ட என் புள்ளயக் குடுத்தீங்க?"

"நான் பாக்கலமா. கைதான் பாத்தேன்."

அவள் போட்ட அலறல் போனைத் தாண்டி வேன் முழுக்கக் கேட்டது. பின் சீட்டில் அபி காதைப் பொத்திக்கொண்டாள். போலீசுக்குச் சொல்கிறேன், ஆட்டோ பிடித்து வருகிறேன், என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் உன்னை உயிரோடு விட மாட்டேன் என்று ஜரினா கத்தியது எதுவும் அவன் மனதில் நிற்கவில்லை. எதிரே வந்த பஸ்ஸுக்குக் குறுக்கே வேனைத் திருப்பினான்.

பத்து நிமிஷம். பத்து நிமிஷத்தில் ஒரு பிள்ளையை என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்கிற எண்ணம் வந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தான். வீட்டில் தனக்கும் ஒரு பெண் இருக்கிறாள் என்பது ஞாபகம் வந்து, அதை உடனே தள்ளிவிட்டான்.

சந்தில் கரண்ட் போயிருந்தது. இரண்டு பக்கமும் ஆறு ஆறு வீடு, எல்லாக் கேட்டும் சாத்தியிருந்தது, ஒரு ஜன்னலிலும் வெளிச்சமில்லை. மாடித் தகரக் கூரைகளில் மழை கொட்டுகிற சத்தத்துக்கு அடியில், சாக்கடை நிரம்பி ஓடுகிற சத்தமும், எங்கோ ஒரு வாளி நிரம்பி வழிகிற சத்தமும் கேட்டன. கேட்டுக்கு நேராக ஹெட்லைட் விழும்படி வேனை நிறுத்தினான். சங்கிலி அப்படியே இருந்தது. பூட்டும் அப்படியே இருந்தது. அதை இழுத்துப் பார்த்தால் இரண்டு கதவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளிதான் விழுந்தது. அதற்குள் ஒரு பூனைகூட நுழைய முடியாது. இடைவெளிக்கு அந்தப் பக்கம், படியில், அரீபாவின் ஒற்றை ஷூ கிடந்தது.

எதிர் வீட்டு கேட்டை ஓடிப்போய்த் தட்டினான். "அய்யா! யாருன்னா வாங்க! புள்ளயக் காணும்!" உள்ளே யாரோ ஈரக் காலோடு நடந்து வருகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது. திறக்கவில்லை, பதில் சொல்லவும் இல்லை. பயந்தாங்கொள்ளிகள் என்று திட்டிவிட்டுத் திரும்பினான்.

சீட்டுக்கு அடியிலிருந்து வீல் ஸ்பேனரை எடுத்தான். இன்ஜினை அணைத்தால் வெளிச்சம் போய்விடும் என்று ஓடவே விட்டான். "செம்மலு, கதவச் சாத்திக்கோ. யாரு வந்தாலும் தொறக்காத. தங்கச்சியப் பாத்துக்கோ, நான் இதோ வந்துட்டேன்."

"பயமா இருக்குது அங்கிள்" என்றான் செம்மல்.

"ரெண்டே நிமிஷம்டா."

கேட் சங்கிலி ஐந்தாவது அடியில் அறுந்தது. வீட்டுக் கதவின் பூட்டு லேசில் விடவில்லை. ஸ்பேனர் வழுக்கி இடது கைச் சுண்டுவிரல் மேல் விழுந்து நகம் பெயர்ந்தது. வலி தெரியவில்லை. உள்ளே பிள்ளை விசும்புகிற சத்தம் மட்டும் தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டு அழுகிற மாதிரி, விட்டு விட்டு. நாதாங்கி பெயர்ந்து, கதவு சுவரில் மோதித் திறந்தது.

முதலில் வாடைதான் வந்தது. பல நாள் மூடி வைத்த கிணற்றைத் திறந்தால் வருகிற வாடை, பாசியும் துருவும் கலந்தது, அதோடு ஊறிப்போன தலைமுடியின் நாற்றம். காலையில் பூட்டிய வீட்டில் இத்தனை ஈரம் எப்படி வரும்? தரை முழுக்கத் தண்ணீர் நின்றது. போன் டார்ச்சை அடித்தான். தையல் மிஷின். மடித்து வைத்த துணிகள். சுவரில் ஒரு காலண்டர். அதைத் தாண்டி உள்ரூம் கதவு, பாதி திறந்திருந்தது. அதன் முன்னால் அரீபா நின்றிருந்தாள்.

ஒரு காலில் ஷூ. ஒரு கை தலைக்கு மேலே. அந்தக் கையின் மணிக்கட்டை, உள்ரூம் இருட்டிலிருந்து வந்த வளையல் கை பிடித்திருந்தது.

"ஏய்! புள்ளய வுடுடீ!"

கை விடவில்லை. பிள்ளையை ஒரு அடி உள்ளே இழுத்தது. நிதானமாக.

செல்வகுமார் பாய்ந்து அரீபாவின் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து, காலைத் தரையில் ஊன்றிப் பின்னால் இழுத்தான். பிள்ளை வந்தாள். கையும் கூடவே வந்தது. வளையல்கள் ஒன்றோடொன்று உரசி வெளியே வந்தன, முழங்கை வந்தது, அதற்கு மேல் தோள் வர வேண்டும். வரவில்லை. கைதான் வந்தது. இன்னொரு முழங்கை வந்தது. அதற்கப்புறமும் கை. அவன் இழுக்க இழுக்க, கதவுக்குப் பின்னாலிருந்து ஈரமாக, வெளுப்பாக, முடிவில்லாமல் கை வந்துகொண்டே இருந்தது.

அவனுக்கு அப்போதுதான் கத்த வந்தது. கத்திக்கொண்டே ஸ்பேனரை ஓங்கி அடித்தான். வளையல்கள் நொறுங்கி முகத்தில் தெறித்தன. ஒரு சில்லு இமைக்குக் கீழே ஏறியது. மறுபடி அடித்தான். எலும்பு உடைகிற சத்தம், பச்சைக் கழியை முறிக்கிற மாதிரி. ரத்தம் வரவில்லை. கருத்த தண்ணீர் வந்தது. விரல்கள் மேல் அடித்தான். ஒன்று. இரண்டு. ஒவ்வொன்றாக உடைந்து மடங்கின. மடங்கியும் பிடி விடவில்லை. காலால் கதவை உதைத்து அந்தக் கையின் மேலேயே சாத்தினான். திறந்து சாத்தினான். மறுபடி சாத்தினான். சதை பிதுங்கியது. அவன் அழுதுகொண்டே சாத்தினான்.

பிடி நழுவியது.

அடுத்த நொடி அது அவன் இடது கையைப் பிடித்தது. உடைந்த விரல்களோடு. ஒரே திருகு. அவன் மணிக்கட்டு தோல் பைக்குள் சரளைக்கல் மாதிரி நொறுங்கியதை அவனே கேட்டான். ஸ்பேனர் விழுந்தது. கையை உருவிக்கொண்டு பின்னால் விழுந்தான். கதவுக்குப் பின்னால், கை இருட்டுக்குள் சுருண்டு போனது. தண்ணீரில் இழுபடுகிற சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

இடது கை தொங்கியது. வலது கையால் அரீபாவை இழுத்து நெஞ்சோடு அணைத்தான். உயிரோடு இருக்கிறாள். சூடாக இருக்கிறாள். "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமில்ல. அங்கிள் வந்துட்டேன். ஒங்கம்மாகிட்ட நானே குடுக்கறேன். மொகத்தப் பாத்து, கையில குடுக்கறேன்." அவன் யாரிடம் சத்தியம் செய்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை.

பிள்ளை அழவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கள ஏன் அங்கிள் அடிச்சீங்க?" என்றாள் மெதுவாக. "நீங்கதான கூப்ட்டீங்க. ஹாரன் அடிச்சீங்கள்ல."

அவன் வாயைத் திறப்பதற்குள் வெளியே ஹாரன் கேட்டது.

மூன்று முறை.

அவனுடைய வேனின் ஹாரன்.

அரீபாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். தரைத் தண்ணீரில் வழுக்கினான். படியில் முட்டி மோதியது. கேட்டைத் தாண்டினான். ஹெட்லைட் கண்ணில் அடித்தது. கை நொறுங்கிய பக்கத்துத் தோளால் மறைத்துக்கொண்டு பார்த்தான்.

டிரைவர் சீட்டில் செம்மல் உட்கார்ந்திருந்தான். முகம் முழுக்க அழுகை, இரண்டு உள்ளங்கையும் ஹாரன் மேல். அங்கிள் சொன்ன இரண்டு நிமிஷம் தாண்டிவிட்டது. கூப்பிட வேண்டும். கூப்பிட அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

வேனின் பக்கக் கதவு திறந்திருந்தது. அபி சீட்டில் இல்லை.

"அபி!"

சந்தில் எல்லாக் கேட்டும் திறந்திருந்தது. இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. எல்லாம் பாதி. ஒவ்வொரு கேட்டின் பின்னாலிருந்தும் ஒரு கை நீண்டிருந்தது. உள்ளங்கை மேலே பார்க்க. மழை உள்ளங்கைகளில் விழுந்து வழிந்தது. ஒரு முகமும் தெரியவில்லை.

அபி எதிர் வீட்டுக் கேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். பயமில்லாமல். ஹாரன் அடித்தால் இறங்க வேண்டும். கேட் திறந்தால் போக வேண்டும். கை நீண்டால் கொடுக்க வேண்டும். அவன்தான் பழக்கியிருந்தான். பையைக் கழற்றி, நல்ல பிள்ளையாக முன்னால் நீட்டினாள்.

கை பையை வாங்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தது.

"போவாத! அபி, போவாத!"

ஒரு அடி எடுத்து வைத்தான். வலது கை பின்னால் இழுபட்டது. திரும்பினான். அவன் உடைத்துவிட்டு வந்த கேட்டின் பின்னாலிருந்து, உடைந்த விரல்கள் தொங்க, அந்தக் கை வெளியே வந்திருந்தது. அரீபாவின் இன்னொரு மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

அவனுக்கு இருந்தது ஒரே கை.

அரீபாவை விட்டால்தான் அபி. அபியை விட்டால்தான் அரீபா. அவன் விடவில்லை. அசையவும் முடியவில்லை. அபியின் ஒரு கால் கேட்டுக்குள் போனது. அரீபாவின் விரல்கள் மழையில் நனைந்து, அவன் பிடியில் ஒவ்வொன்றாக வழுக்கின. அவள் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள்.

"பை அங்கிள்."

வேனுக்குள் செம்மல் அவனைப் பார்த்துவிட்டான். அங்கிள் ஏன் வராமல் அங்கேயே நிற்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே ஹாரனை அழுத்தினான்.

"அடிக்காதடா! செம்மலு, அடிக்காத!"

ஹாரன் சத்தம். மழை. கேட்கவில்லை.

ஒன்று. இரண்டு.

மூன்றாவது ஹாரனுக்கு, செம்மலுக்குப் பக்கத்தில் இருந்த வேன் கதவு, சத்தமில்லாமல், பாதி திறந்தது.